எல்இடி நியான் போர்டு செய்ய சிஎன்சி ரவுட்டரா, லேசரா? தமிழ் எழுத்துக்கு எது சரிப்படும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருப்பூரில் ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர், விசிட்டிங் கார்டு போடும் சிறிய கடை. டிசைன் வரையும் கோரல் டிரா மென்பொருளை நன்றாக ஓட்டுவீர்கள். கஃபே, சலூன், கல்யாண மேடை என்று இப்போது எல்லாரும் எல்இடி நியான் கேட்கிறார்கள். அதற்கு சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்லும் கோட்டில், சுழலும் பிட்டால் குடையும் மெஷின்) வாங்குவதா, லேசர் (ஒளிக்கற்றையால் பொசுக்கி வெட்டும் மெஷின்) வாங்குவதா, தமிழ் எழுத்துக்கு எது சரிப்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ஒரு ஜாப் ஒர்க் கடையில் கொடுத்து வெட்டி வாங்கினீர்கள், நியான் காடிக்குள் (அதை உட்காரவைக்க அக்ரிலிக் ஷீட்டில் குடையும் பள்ளம்) சரியாக உட்காரவில்லை, சில எழுத்துகள் கடைசிவரை எரியாமல் நுனியில் இருட்டாக நின்றன. உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த மெஷின் என்பதற்கு முன்னால், அந்த போர்டு ஏன் சரியாக வரவில்லை என்று தெரிய வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் பெரும்பாலும் வரைபடத்தில் தொடங்குபவை. மெஷின் நாம் கொடுத்த கோட்டைத்தான் வெட்டும்.

நான் கோவையில் பல வருடங்களாக சைன் போர்டு வேலையில் இருக்கிறேன். ரவுட்டர், லேசர் இரண்டிலும் வேலை செய்கிறேன். செய்த நியான் வேலைகளில் பெரும்பகுதி கட்டடத்துக்கு உள்ளே மாட்டுவதற்கானவை. மழை வெயிலில் நிற்கும் போர்டு பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: நியான் மட்டுமே நோக்கம் என்றால் ரவுட்டர். அக்ரிலிக்கில் கீ செயின், ஷீல்டு, பெயர்ப்பலகை போன்ற வேலைகளும் நிறைய வருமென்றால் லேசர். ஆனால் இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நியான் ரோலைப் புரிந்துகொள்ளுங்கள். வெளியே சிலிக்கான் அல்லது பிவிசி உறை, உள்ளே ஒரு எல்இடி ஸ்ட்ரிப், அவ்வளவுதான். போர்டு வேலைக்கு அதிகம் போவது 6 மி.மீ. அகலம், 12 மி.மீ. உயரம் கொண்ட 12 வோல்ட் ரகம். அதில் பொதுவாக மீட்டருக்கு 120 எல்இடி இருக்கும். வெள்ளை, நீலம், பச்சை எல்இடி ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் எடுக்கும். மூன்றைத் தொடராக இணைத்தால் 9 வோல்ட், மீதியை ஒரு ரெசிஸ்டர் தாங்கும். அதனால் மூன்று எல்இடி சேர்ந்து ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தின் நீளம் 2.5 செ.மீ. வெட்டும் குறி இருப்பது அந்த 2.5 செ.மீ. எல்லையில்தான். குறியை விட்டுவிட்டு நடுவில் வெட்டினால் அந்தக் கூட்டத்துக்குச் சுற்று முழுமையாகாது, மூன்று எல்இடியும் எரியாது. உங்கள் எழுத்தின் நுனி இருட்டாக நின்றதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். 11 செ.மீ. காடிக்குள் 11 செ.மீ. வெட்டி வைத்திருப்பார்கள், எரிவது 10 செ.மீ. மட்டும். 24 வோல்ட் ரோலில் இந்தக் கூட்டம் பொதுவாக 5 செ.மீ. ஆகிவிடும். சிறிய எழுத்துக்கு அது சரிப்படாது. 1 செ.மீ.க்கு ஒரு குறி இருக்கும் ரகங்களும் கடையில் கிடைக்கின்றன. உறையும் ஸ்ட்ரிப்பும் தனித்தனியாக விற்கும் ரகமும் உண்டு. அதில் உறையை எந்த நீளத்திலும் வெட்டிக்கொள்ளலாம், ஸ்ட்ரிப்பை மட்டும் குறியில் வெட்ட வேண்டும். நுனியில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் வெளிச்சம் உறைக்குள் பரவி மறைத்துவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே நியானுக்கு வரைவதும் ஸ்டிக்கருக்கு வரைவதும் வேறு வேறு வேலை. ஸ்டிக்கருக்கு எழுத்தின் வெளிவிளிம்பு வேண்டும். நியானுக்கு நடுக்கோடு மட்டும் வேண்டும். சாதாரண ஃபாண்டில் தட்டச்சு செய்து கர்வ் ஆக்கினால் இரண்டு விளிம்பும் வரும், அதை அப்படியே ரவுட்டருக்கு அனுப்பக்கூடாது. கோரலின் ட்ரேஸ் வசதியில் சென்டர்லைன் எடுக்கலாம். ஆனால் அது தரும் கோட்டில் தேவையில்லாத நோடுகள் (கோட்டின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் புள்ளிகள்) குவிந்திருக்கும், மெஷின் அங்கங்கே நின்று நின்று ஓடும். எழுத்தைப் பின்னால் மங்கலாக வைத்துக்கொண்டு, பெசியர் கருவியால் மேலே புதிதாகக் கோடு இழுப்பதுதான் கடைசியில் நேரத்தை மிச்சப்படுத்தும். எவ்வளவு குறைவான நோடு போடுகிறீர்களோ அவ்வளவு அழகாக வளைவு வரும். இழுத்து முடித்ததும் ஒவ்வொரு கோட்டின் நீளத்தையும் பாருங்கள். கர்வின் நீளத்தைக் காட்டும் வசதி கோரலிலும் இருக்கிறது, இங்க்ஸ்கேப்பிலும் இருக்கிறது. 11 செ.மீ. என்று காட்டினால் வளைவைச் சற்றே சுருக்கி 10 ஆக்குங்கள், அல்லது நீட்டி 12.5 ஆக்குங்கள். வேலையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஆனால் எழுத்து நுனிவரை எரியும்.

கண்ணாடி நியான் காலத்திலும் கோடுதான் ராஜா. ஜார்ஜ் கிளாட் 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நியான் குழாய்களை ஒளிரவிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு வளர்ந்த அந்தத் தொழிலில், குழாயை அறுக்காமல் எழுத்திலிருந்து எழுத்துக்குக் கொண்டுபோய், வெளிச்சம் தெரியக்கூடாத இணைப்புப் பகுதிகளைக் கறுப்பு பெயின்ட் அடித்து மறைப்பார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. துண்டை வெட்டிவிட்டு, பின்பக்கம் மெல்லிய ஒயரில் தாண்டலாம். ஆனால் ஒவ்வொரு வெட்டும் இரண்டு சால்டர் புள்ளிகள், ஒரு துளை, நுனியில் ஒரு மூடி. பின்னாளில் கோளாறு வருவதும் பெரும்பாலும் அந்த சால்டரில்தான். அதனால் ஒரு எழுத்தை நான்கு துண்டில் செய்ய முடியும், இரண்டிலும் செய்ய முடியும் என்றால் இரண்டையே தேர்ந்தெடுங்கள்.

இப்போது தமிழ் எழுத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் வழிகாட்ட ஆள் குறைவு. ஆங்கில எழுத்தில் எளிதாக முடிவது தமிழில் மூன்று இடத்தில் மாட்டும்: சுழி, குறுக்குவெட்டு, புள்ளி. மூன்றுசுழி ண, ரெண்டுசுழி ன, ஞ, ழ இவற்றில் நியான் இறுக்கமாக வளைய வேண்டியிருக்கும். 6 மி.மீ. ரோலை எவ்வளவு வளைக்கலாம் என்று நல்ல கம்பெனிகள் அட்டையிலேயே எழுதியிருப்பார்கள். எழுதாத ரோலை 2 செ.மீ. விட்டத்துக்குக் கீழே நான் வளைப்பதில்லை. அது வளையும், அன்றைக்கு எரியவும் செய்யும். ஆனால் உள்ளே ஸ்ட்ரிப்பின் காப்பர் பாதை இழுபட்டுக்கொண்டே இருக்கும், மாட்டிச் சில மாதத்தில் அந்தச் சுழியில் மட்டும் எரியாமல் போகும். ஆகவே ண வரும் பெயரை 10 செ.மீ. உயரத்துக்குள் அடக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். சுழியை முழு வட்டமாக மூடாமல், உள்ளே சுருளாமல் திறந்த வளைவாக விடலாம், கண் அதைச் சுழியாகவே படித்துக்கொள்ளும். ஆனால் வளைவின் எண்ணிக்கையை மட்டும் குறைக்காதீர்கள். ஒரு வளைவு குறைந்தால் ண என்பது ன ஆகிவிடும், ஒருவருடைய பெயர் பிழையாகச் சுவரில் தொங்கும்.

குறுக்குவெட்டு என்றேன். க, ச, த மூன்றிலும் கிடைக்கோடு நெடுக்கோட்டைக் கடந்து போகிறது. நியான் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காராது. ஏதாவது ஒரு கோட்டை அறுத்துத்தான் ஆக வேண்டும். எதை அறுப்பது என்பதற்கு நான் பின்பற்றும் முறை: வளைவோடு தொடரும் நீளமான கோட்டை முழுதாக விட்டுவிட்டு, நேர்க்கோட்டை இரண்டாக்குவேன். நேர்த்துண்டை 2.5 செ.மீ. கணக்குக்குள் கொண்டுவருவது எளிது. சந்திக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் 2, 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். தள்ளி நின்று பார்த்தால் வெளிச்சத்தில் அந்த இடைவெளி தெரியாது. இடைவெளி இல்லாமல் முட்டவிட்டால் உறைகள் ஒன்றையொன்று தள்ளி மேலே எழும்பும். ட, ப போன்ற எழுத்துகளில் 90 டிகிரி மூலை வரும். அதை ஓரளவு உருட்டி வளைத்தால் ஒரே துண்டில் முடியும். மூலை கூராகவே வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால் அங்கே வெட்டித் தனித்துண்டாகப் போடுங்கள். மடக்கித் திருப்ப வேண்டாம்.

மெய்யெழுத்தின் புள்ளி சின்ன விஷயமாகத் தெரியும், அதிகம் யோசிக்க வைப்பது அதுதான். 2.5 செ.மீ. குறி உள்ள ரோல் அதற்குக் குறைவான துண்டில் எரியாது. ஒரு கூட்டத்தை வட்டமாக்கினால் விட்டம் 8 மி.மீ., அப்படி வளைக்கவே முடியாது. இரண்டு கூட்டம் என்றால் 16 மி.மீ., அதுவும் இறுக்கம். மூன்று கூட்டம், 7.5 செ.மீ. என்றால் விட்டம் 24 மி.மீ. வரும், தாராளமாக வளையும். ஆனால் அந்த வளையம் எழுத்துக்குப் பொருத்தமாகத் தெரிய எழுத்து 15 செ.மீ. அளவிலாவது இருக்க வேண்டும். எழுத்து சிறியதென்றால், 1 செ.மீ. குறி உள்ள ரோலில் ஒரு சிறு துண்டு எடுத்துப் புள்ளியாக நிறுத்தலாம். இல்லையென்றால் அந்த இடத்தில் துளை போட்டு, முன்னால் பால் வெள்ளை அக்ரிலிக் வட்டம் ஒட்டி, பின்னால் ஒற்றை எல்இடி மாட்யூல் வைக்கலாம். இரண்டாவது முறை எனக்குப் பிடிக்கும், புள்ளி உண்மையிலேயே வட்டமாகத் தெரியும். ஆனால் நிறம் நியானோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே எரியவிட்டுப் பாருங்கள். புள்ளியே வேண்டாம், புரிந்துகொள்வார்கள் என்று சில டிசைனர்கள் விட்டுவிடுகிறார்கள். நான் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. 'ஸ்ரீ' வரும் கடைப்பெயர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த ஒரு எழுத்துக்கே மற்ற எழுத்துகளைவிட அதிகத் துண்டு தேவைப்படும், விலை சொல்லும்போது அதை மறக்க வேண்டாம்.

வரைந்து முடித்ததும் ஒன்றுக்கு ஒன்று அளவில் பிரின்ட் எடுத்து மேஜையில் விரித்து, நியானை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் மெஷின் வைத்திருக்கும் உங்களுக்கு இது பெரிய வசதி. திரையில் தெரியாத நெருக்கம் இங்கே தெரியும். அடுத்தடுத்த இரண்டு காடிக்கு நடுவே குறைந்தது 4 மி.மீ. சுவர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நியானை அழுத்தும்போது அக்ரிலிக் விரிசல் விடும். ஃபைலில் ஒரே கோடு இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கோரலில் காப்பி பேஸ்ட் செய்யும்போது இது அடிக்கடி நடக்கும். லேசர் அந்த இடத்தை இரண்டு தடவை எரிக்கும், ரவுட்டர் காடியைத் தளர்த்திவிடும். காடி ஒரு லேயர், ஒயர் துளைகள் ஒரு லேயர், வெளி வடிவம் ஒரு லேயர் என்று பிரித்து, வெட்டும் மெஷின்கள் படிக்கும் டிஎக்ஸ்எஃப் ஃபைலாகக் கொடுங்கள். வெட்டுபவர் ஊகிக்க வேண்டிய நிலையை அவருக்கு வைக்காதீர்கள்.

இனி மெஷின். ரவுட்டரின் பலம் ஆழத்தைக் கட்டுப்படுத்துவது. 6 மி.மீ. அக்ரிலிக்கில் 3 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்து, ஒயர் துளை போட்டு, வெளி வடிவத்தையும் வெட்டி, ஷீட்டை நகர்த்தாமல் ஒரே அமர்வில் முடித்துவிடும். ஒற்றைப் பல் கொண்ட, சில்லை மேலே தூக்கிவிடும் பிட் போட வேண்டும். வேகக் கணக்கு எளிது: சுழற்சி வேகத்தை ஒரு பல் ஒரு சுற்றில் எடுக்கும் சில்லின் தடிமனால் பெருக்க வேண்டும். 18,000 ஆர்பிஎம், ஒரு பல், 0.15 மி.மீ. சில்லு என்றால் நிமிடத்துக்கு 2,700 மி.மீ. புதியவர்கள் பயந்துகொண்டு மெதுவாக ஓட்டுவார்கள். மெதுவாக ஓட்டினால் பிட் வெட்டாமல் தேய்க்கும், சூடு ஏறும், அக்ரிலிக் உருகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும். பொடியாகவோ கம்பியாகவோ வராமல் தனித்தனிச் சில்லாகத் தெறித்தால் வேகம் சரி. மெஷினின் உறுதி, பிட்டின் கூர், ஷீட்டின் ரகம் இவற்றைப் பொறுத்து இந்த எண் மாறும். ஆகவே 2,700 என்பதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காடியின் அகலம்தான் உங்களுடைய முதல் குறை. 6 மி.மீ. நியான் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் உண்மையான அளவு ரோலுக்கு ரோல் சற்று மாறும். வெர்னியர் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். 6 மி.மீ. பிட் போட்டு ஒரே ஓட்டத்தில் காடி எடுப்பது வேகமான வழி, ஆனால் அகலம் பிட்டின் கையில் போய்விடும். 4 மி.மீ. பிட் வைத்து, கோட்டின் இரண்டு பக்கமும் ஆஃப்செட் கொடுத்து (சம தூரத்தில் இணைகோடு போட்டு), நடுவில் இருப்பதை பாக்கெட்டாகக் குடைந்து எடுத்தால் 6.1 வேண்டுமா, 6.3 வேண்டுமா என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். ஒரு வேஸ்ட் துண்டில் 5.8, 6.0, 6.2, 6.4 என்று நான்கு காடி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நேர்க்கோடும் ஒரு இறுக்கமான வளைவும் வைத்து, வாங்கிய ரோலை அழுத்திப் பாருங்கள். நேரில் இறுக்கமாக உட்காருவது வளைவில் உட்காராது, அங்கே உறை பக்கவாட்டில் புடைக்கும். வளைவில் எது உட்காருகிறதோ அதுதான் உங்கள் அளவு. இன்னொன்று: காஸ்ட் (அச்சில் ஊற்றி வார்த்த) அக்ரிலிக் ஷீட்டின் தடிமன் ஒரே சீராக இருக்காது. 5 மி.மீ. என்று வாங்கியது சில இடத்தில் அதைவிடக் குறைவாக இருக்கும். அதனால் காடியின் ஆழத்துக்கு ஷீட்டின் மேல்பரப்பில் ஜீரோ (ஆழத்தை அளக்கத் தொடங்கும் இடம்) எடுக்க வேண்டும், ஷீட் படுத்திருக்கும் பெட்டில் எடுக்கக்கூடாது.

லேசர் வேறு விதமான கருவி. அக்ரிலிக்குக்கு வேண்டியது 10.6 மைக்ரான் அலைநீளம் கொண்ட சிஓ2 லேசர். உலோகம் வெட்டும் ஃபைபர் லேசரும், ஆன்லைனில் மலிவாக வரும் நீல டயோடு லேசரும் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும், வெட்டாது. விளம்பரத்தைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். சிஓ2 லேசர் வெட்டிய விளிம்பு பாலிஷ் போட்டதுபோல் பளபளப்பாக வரும். நுணுக்கமான வெளி வடிவத்துக்கு ரவுட்டர் அதனிடம் நிற்க முடியாது. ஆனால் 3 மி.மீ. ஆழத்தில் சமமான அடியோடு ஒரு காடியை லேசரில் எடுப்பது கடினம். வரி வரியாகப் பொசுக்கி எடுக்கலாம். நேரம் அதிகமாகும், அடிப்பகுதி கரடுமுரடாகும், சூட்டில் ஷீட் வளையும். அதனால் லேசர் வைத்திருப்பவர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஷீட்டின் மேல் மெல்லிய கோடு மட்டும் போட்டு, அதன் மேல் நியானை நேரடியாக ஒட்டுவது. மற்றொன்று, மேலே ஒரு 3 மி.மீ. ஷீட்டில் காடியை முழுசாக அறுத்தெடுத்து, கீழே இன்னொரு 3 மி.மீ. ஷீட்டோடு சேர்த்து ஒட்டுவது. இரண்டாவது வழியில் மூடிய வளையத்தின் உள்பகுதி தனியாக விழுந்துவிடும். அந்தத் துண்டை அதே இடத்தில் நகராமல் ஒட்ட வேண்டும். புள்ளி வளையமும் மூடிய சுழியும் உள்ள தமிழ் எழுத்தில் இப்படி நிறைய துண்டு விழும். தமிழுக்கு ரவுட்டர் பக்கம் நான் சாய்வதற்கு முக்கியக் காரணம் இது.

லேசரில் பாதுகாப்பு விஷயம் இரண்டை உறுதியாகச் சொல்கிறேன், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பிவிசி ஷீட்டையும், பிவிசி நுரைப்பலகையான சன்போர்டையும் லேசரில் வைக்கவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கெடுதல், மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும். சன்போர்டில் வேலை வந்தால் அது ரவுட்டருக்கு உரியது. அடுத்தது, அக்ரிலிக் வெட்டும்போது மெஷினை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. அக்ரிலிக்கின் ஆவி தீப்பிடிக்கும், வெட்டும் இடத்தில் காற்று ஊதும் ஏர் அசிஸ்ட் நின்றுபோனால் ஷீட்டே எரிய ஆரம்பிக்கும். நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு எச்சரிக்கை: லேசர் குழாய்க்குப் போகும் தண்ணீர் சூடாகக்கூடாது. மெஷினோடு சிடபிள்யூ-3000 ரகத்தைக் கொடுத்து, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் என்பார்கள். அதில் குளிரூட்டும் கம்ப்ரஸர் கிடையாது, அறையின் சூட்டைவிடக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக அதனால் முடியாது. ஏப்ரல், மே மாதத்தில் 100 வாட் குழாயை அதை நம்பி ஓட்டினால் குழாயின் ஆயுள் குறையும். கம்ப்ரஸர் உள்ள சிடபிள்யூ-5200 போன்றதைக் கேட்டு வாங்க வேண்டும். குழாய்க்குப் போகும் மின்சாரம் 20,000 வோல்ட் வரிசையில் இருப்பதால் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

ஷீட்டில் காஸ்ட் வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் (உருக்கிப் பிதுக்கிச் செய்தது) மலிவு, ஆனால் ரவுட்டரில் சீக்கிரம் உருகும். வெட்டிய அக்ரிலிக்கைத் தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் இவற்றால் துடைக்காதீர்கள். லேசர் வெட்டிய விளிம்பில் உள்ளழுத்தம் தங்கியிருக்கும், ஸ்பிரிட் பட்டதும் மயிரிழை விரிசல்கள் ஓடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். இரண்டு ஷீட்டைக் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டும்போதும் லேசர் விளிம்பில் இதே ஆபத்து உண்டு, தவிர அந்த வேலையைக் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். நியானைக் காடியில் ஒட்டுவதைப் பொறுத்தவரை, சிலிக்கான் உறையில் சாதாரண சூப்பர் குளூ பிடிக்காது, அதற்கென்று உள்ள ப்ரைமர் தேவை. தவிர, சூப்பர் குளூவின் ஆவி அக்ரிலிக்கில் வெள்ளையாகப் பூத்துவிடும். காடி அளவு சரியாக இருந்தால் நுனியிலும் வளைவிலும் மட்டும் சிலிக்கான் பசை தொட்டால் போதும். அதிலும் வினிகர் நெடி அடிக்கும் ரகம் வேண்டாம், அது விடும் அசிட்டிக் அமிலம் காப்பரையும் சால்டரையும் அரிக்கும். நியூட்ரல் ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்தில் கணக்கு எளிது, ஆனால் கணக்குப் போட வேண்டும். ரோலில் மீட்டருக்கு 10 வாட் என்றிருந்து, போர்டில் 6 மீட்டர் ஓடினால் 60 வாட், அதாவது 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 5 ஆம்பியர் அடாப்டரை அதன் உச்சத்திலேயே நாள் முழுக்க ஓட்டக்கூடாது. குறைந்தது 20 சதவீதம் கூடுதலாக வைத்து, அடுத்த அளவான 8.3 ஆம்பியர், 100 வாட் எடுங்கள். எல்லாத் துண்டுகளையும் இணையாகக் கொடுங்கள், பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. 12 வோல்ட் நியானை ஒரே ஓட்டமாக 5 மீட்டருக்கு மேல் கொண்டுபோனால் வால் மங்கும். நடுவில் பிரித்து மின்சாரம் கொடுக்க வேண்டும். அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாண மேடைக்கும் ஃபோட்டோ எடுக்கும் இடத்துக்கும் டிம்மர் கேட்டால் கவனம் தேவை. மலிவான டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். கொடுப்பதற்கு முன் உங்கள் செல்ஃபோனில் வீடியோ எடுத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னதில் வெட்டும் குறி, லேசரின் அலைநீளம், பிவிசி விஷயம், மின்கணக்கு இவை உறுதியானவை. சுழியின் குறைந்தபட்ச அளவு, சுவரின் தடிமன், எதை அறுப்பது என்பவை என் பழக்கத்தில் வந்தவை. வேறொரு நல்ல தொழிலாளி வேறு எண் சொன்னால் அவரும் சரியாக இருக்கலாம். விற்பவர்கள் சொல்லும் 50,000 மணி நேரம் என்ற கணக்கை மட்டும் வாடிக்கையாளருக்கு வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட எண் பொதுவாக எல்இடி சிப்பின் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைய ஆகும் நேரத்தைக் குறிக்கும். போர்டில் அடாப்டரும் சால்டரும் பசையும் சேர்ந்திருக்கின்றன, பெரும்பாலும் அவைதான் முதலில் போகும். வெளியில் மாட்டும் போர்டுக்கு ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று ரோலில் எழுதியிருந்தாலும், நீங்கள் வெட்டிய இடத்தில் அந்தத் தரம் முடிந்துவிட்டது. மூடியும் பசையும் போட்டு அடைத்த பிறகு அது எவ்வளவு தாங்கும் என்பது உங்கள் கைவேலையைப் பொறுத்தது. பிவிசி உறை வெயிலில் மஞ்சளாகி விறைத்துப்போகும், வெளிவேலைக்குச் சிலிக்கான் மட்டும் எடுங்கள்.

மெஷின் இப்போது வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், இந்தத் தொழிலில் லாபம் வெட்டுவதில் மட்டும் இல்லை. வரைவது, துண்டு கணக்கு, சால்டர், மாட்டிக் கொடுப்பது இவற்றில்தான் மதிப்பு கூடுகிறது, இவை எல்லாவற்றையும் மெஷின் இல்லாமலே நீங்கள் செய்யலாம். திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் ரவுட்டர் வைத்து ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்குக் குறைவில்லை. ரவுட்டர் வாங்கினால் 8க்கு 4 அடி ஷீட் படுக்கும் 1325 பெட், அதற்கு இடம், த்ரீ ஃபேஸ் இணைப்பு தேவைப்படுமா என்ற கேள்வி, தூசி, சத்தம் எல்லாம் கூடவே வரும். மாதாமாதம் நீங்கள் ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும் தொகையைத் தனியாக எழுதி வையுங்கள். அது மெஷினின் மாதத் தவணையைத் தொடர்ந்து தாண்ட ஆரம்பிக்கும்போது வாங்கலாம். அதுவரை அடுத்த ஆர்டருக்கு இப்படிச் செய்யுங்கள்: ரோலை முதலில் வாங்கி, அதிலிருந்து ஒரு அடித் துண்டை வெட்டுபவரிடமே கொடுங்கள். நான்கு காடி உள்ள அந்த டெஸ்ட் துண்டை அவர் மெஷினில், உங்கள் போர்டுக்கு எடுக்கப்போகும் அதே ஷீட்டில் முதலில் வெட்டச் சொல்லுங்கள். எந்த அகலம் உட்காருகிறது என்று அவர் கண் முன்னாலேயே அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த எண்ணை ஃபைலின் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகும் உட்காரவில்லை என்றால் டிஎக்ஸ்எஃப் ஃபைலை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.